இரத்த அழுத்த மாத்திரையைக் குறைக்க முடியுமா? செட்டிநாட்டுச் சாப்பாடும் பழநி நடையும்

கேள்வி: ஊரணிக்கரை (பள்ளத்தூர்)

பெரியோர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எனக்கு வயது 61. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். சில ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்காகக் காலையில் டெல்மிசார்ட்டான் 40 மி.கி., இரவில் அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டு வருகிறேன். சர்க்கரை இல்லை, இதயக் கோளாறோ பக்கவாதமோ வந்ததில்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியேட்டினின் இரண்டும் சென்ற பரிசோதனையில் சரியாகவே இருந்தன. இருந்தும் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் 138/86, 142/88 என்றே கருவி காட்டுகிறது. உயரத்துக்கு வேண்டியதைவிட 8 கிலோ அதிகம். மாலையானால் கணுக்கால்கள் வீங்கிவிடுகின்றன. செருப்பைக் கழற்றினால் வார் அழுந்திய தடம் வெகுநேரம் மறைவதில்லை.

இரண்டு மாத்திரைகளை ஒன்றாகவாவது குறைக்க முடியுமா என்பது என் முதல் கேள்வி. கண்டனூரில் இருக்கும் பங்காளி ஒருவர், தாம் மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டுப் பூண்டுப்பாலும் அதிமதுரக் கஷாயமும் குடித்து வருவதாகவும், நிறுத்திய வாரத்தில் அளந்து பார்த்தபோது எந்த மாற்றமும் இல்லை என்றும் சொல்லி, என்னையும் அப்படியே செய்யச் சொல்கிறார். எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாவது, உப்பைக் குறையுங்கள் என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். நம் வீட்டுச் சமையலில் அதை எங்கிருந்து குறைப்பது என்று யாரும் சொல்வதில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் வீட்டில் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மூன்றாவது, வருகிற தைப்பூசத்திற்குக் காவடியோடு பழநிக்கு நடந்து வருவதாக ஒரு வேண்டுதல் இருக்கிறது. இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டு அத்தனை தூரம் நடக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: இரண்டாங்கட்டு (காரைக்குடி)

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். மருந்தைப் பற்றிச் சொல்ல நான் ஆள் இல்லை. அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் இதே தொல்லை என்பதால் இதைக் கொஞ்சம் கவனித்துச் செய்து வருகிறேன்.

வீட்டில் எவ்வளவு உப்பு செலவாகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதி வைத்து, தீரும் தேதியைப் பார்த்தால் போதும். 4 பேர் சாப்பிடும் வீட்டில் 1 கிலோ உப்பு 30 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள். கடையில் வாங்கும் காராச்சேவும் ஊறுகாயும் அந்த 5 கிராமுக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

குழம்பில் உப்பு குறைந்தால் முகம் சுளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் புளி. புளி கூடக் கூட, அதற்கு ஈடுகொடுக்க உப்பும் காரமும் கூட வேண்டியிருக்கிறது. கரைக்கும்போதே புளியைப் பாதியாக்கிவிட்டால் உப்பும் தானாகக் குறையும். சாப்பிடுகிறவருக்கு எதையோ பறித்துக்கொண்டது போலத் தெரியாது. அரிசி கழுவிய நீரில் புளி சேர்த்துச் செய்யும் மண்டியும் வற்றல் குழம்பும் வாரத்தில் ஒரு நாளோடு நிற்கட்டும். மற்ற நாட்களில் பருப்புப் போட்ட இளங்குழம்பு, கூட்டு, மிளகு ரசம் என்று மாற்றிக்கொள்ளலாம். பொரியலுக்கு உப்பே போடாமல் சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் தாராளமாகச் சேர்த்து இறக்குங்கள். குழம்புச் சோற்றோடு சேர்த்து உண்ணும்போது குறை தெரியாது.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே இரத்தக் கொதிப்பு என்று வெளியூர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். சோம்பு, சீரகம், மிளகு, கல்பாசி, அன்னாசிப்பூ, பூண்டு ஆகியவற்றின் மேல் போடும் அந்தப் பழி நியாயமற்றது. வறுத்து அரைத்த மசாலாவின் மணம் இருந்தால் உப்பைக் குறைப்பது எளிது என்பதே என் அனுபவம். பொட்டலத்தில் வாங்கும் மசாலாப் பொடிகளில்தான் சிலவற்றில் உப்பும் கலந்து வருகிறது. பின்பக்க அட்டவணையில் சோடியம் என்று எத்தனை மில்லிகிராம் போட்டிருக்கிறதோ அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும்.

இலையின் ஓரத்திலும் உப்பு நிறைய இருக்கிறது. மோர்மிளகாய், மாவடு, எலுமிச்சை ஊறுகாய், சுண்டைக்காய் வற்றல் ஆகிய அனைத்தும் உப்பிலேயே ஊறிப் பிறந்தவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதிலும் இருப்பது சோடியம்தான். உப்புக்கண்டத்தை, கறித்துண்டுகளில் உப்பும் மஞ்சளும் புரட்டி நூலில் கோத்துக் காய வைக்கிறோம். அதைக் குழம்பில் போடுமுன் வெந்நீரில் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குழம்புக்குத் தனியாக உப்பு போடாமல் செய்தால், விருந்தாளி வந்த நாளில் ஒரு துண்டு சாப்பிடலாம். வீட்டில் அன்றாடம் செய்வதாக இருந்தால் அதை நிறுத்துவதே நல்லது.

இந்துப்புக்கும் கல் உப்புக்கும் மாறிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட முழுவதும் சோடியம் குளோரைடாகவே இருக்கும் உப்புகள் அவை. உப்பை ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகம் வரும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். முன்னோர்க்குப் படைக்கும் படைப்பு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பரிமாறுகிறவர்கள் விட மாட்டார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட, இலையின் ஓரத்தில் வைப்பவற்றை மட்டும் தொடாமல் எழுந்து வருவது எளிது.

மறுமொழி: ஓய்வு பெற்ற பொது மருத்துவர் (தேவகோட்டை)

ஆசிரியர் ஐயா, விவரங்களைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறீர்கள். நேரில் பார்க்காமல் ஒருவரின் மருந்தை மாற்றச் சொல்வது முறையாகாது. ஆகவே பொதுவானதைச் சொல்கிறேன், இதை வைத்து உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். உங்களைப் போன்ற பலருக்கு மருந்தைக் குறைக்க முடியும். ஆனால் இரண்டு மாத்திரை சாப்பிட்டும் 138, 142 என்று நிற்கும் நிலையில், இன்றைக்குக் குறைக்க இடமில்லை. இதே இரண்டு மாத்திரைகளோடு மேல் எண் 130-க்குக் கீழே இறங்கிச் சில மாதங்கள் அங்கேயே நிலைக்க வேண்டும். ஒன்றை எடுக்கும் பேச்சு அதன் பிறகுதான். முதலில் மாத்திரையை நிறுத்திவிட்டு அப்புறம் உடம்பைக் கவனிக்கலாம் என்று நினைக்கிறவர்களே பெரும்பாலும் சங்கடத்தில் மாட்டுகிறார்கள்.

அந்த 138-உம் 142-உம் உண்மையான அளவுகள்தானா என்றும் பார்க்க வேண்டும். பேருந்திலிருந்து இறங்கி, வரிசையில் காத்திருந்து, பேசிக்கொண்டே கையை நீட்டினால் எண் கூடுதலாகத்தான் காட்டும். மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவி ஒன்றை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை உங்கள் கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். காப்பி குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகு, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய, பாதங்கள் தரையில் பதிய, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். திண்ணையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அளந்தால் எண் ஏறும். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் 7 நாள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். மருத்துவமனையில் 140/90 என்பதற்கு வீட்டில் 135/85 சமம். உங்கள் வீட்டுச் சராசரி அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் கதையே வேறு.

எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் சுமார் 1 மி.மீ., அதாவது கருவி காட்டும் எண்ணில் ஒன்று, குறையும் என்பது பொதுவான கணக்கு. வாரத்தில் 150 நிமிட விரைவு நடையும் தன் பங்குக்கு இறக்கும். 1997-இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் ஆய்வில், பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் மிகுந்த உணவைச் சாப்பிட்டவர்களில் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, வழக்கமான உணவு உண்டவர்களை ஒப்பிட மேல் எண் சுமார் 11 மி.மீ. இறங்கியது, 2001-இல் அதே உணவோடு உப்பையும் குறைத்தபோது இன்னும் இறங்கியது. நம் ஊரில் அந்த உணவுக்குக் கீரை, அவரை, பாசிப்பருப்பு, உப்பிடாத நீர்மோர், கொய்யா, வாழைப்பழம் என்று பெயர். இவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சரியாக உள்ள உங்களுக்கு அது நன்மையே, சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்றக் கூடாது. மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதை விடுவதும் எண்ணை இறக்கும். குறட்டை பலமாக விட்டு, பகலில் தூங்கி வழிகிறவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் இருந்தால் மருந்துக்கு அழுத்தம் எளிதில் கட்டுப்படாது.

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே விடை தேடிய ஆய்வு ஒன்று உண்டு. டோன் என்ற அந்த ஆய்வு 1998-இல் வெளியானது. மருந்தால் அழுத்தம் கட்டுக்குள் இருந்த, 60 முதல் 80 வயது வரையிலானவர்கள் உப்பைக் குறைக்கவும், பருத்தவர்கள் எடையைக் குறைக்கவும் பழகிக்கொண்ட பின், மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். பழக்கத்தை மாற்றாதவர்களைவிட, மாற்றியவர்களில் அதிகம் பேர் மருந்தில்லாமல் நீடித்தார்கள். உப்பு, எடை இரண்டையும் குறைத்தவர்கள் இன்னும் நன்றாக நீடித்தார்கள். அவர்களிலும் கணிசமானவர்கள் மீண்டும் மருந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. திரும்பினால் அதைத் தோல்வி என்று கருத வேண்டியதில்லை; வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் விறைப்பது இயல்பு.

உங்கள் பங்காளி சாப்பிட்டு வந்ததும் அம்லோடிபினாக இருந்தால், அவர் சொல்வதன் விளக்கம் எளிது. அந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய முதல் சில நாட்களில் அவர் அளந்தது, ஏற்கெனவே விழுங்கிய மாத்திரையின் வேலையைத்தான். எண் அதன் பிறகே ஏறும். சிலருக்கு வாரக்கணக்கில் கழித்து, தலைவலியோ மயக்கமோ எதுவும் இல்லாமலேயே ஏறும். அவர் இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோபுரலால் போன்றவற்றைச் சாப்பிட்டு வந்தவராக இருந்தால் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. படபடப்பும் நெஞ்சுவலியும் வரக்கூடும். அவரை உடனே ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் அறியப்பட்ட பக்கவிளைவு. மருந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிப்பதால் நீர் வெளியே கசிந்து தங்குகிறது. அதற்குச் சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரை போட்டுப் பெரிய பயன் இல்லை, அளவைக் குறைத்தால் வீக்கமும் குறையும். எனவே குறைக்கும் காலம் வரும்போது அம்லோடிபினை 2.5 மி.கி. ஆக்குவதிலிருந்து உங்கள் மருத்துவர் தொடங்கக்கூடும். வீக்கம் பொறுக்க முடியாததாக இருந்தால் அதுவரை காத்திருக்காமல் இப்போதே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலும், படுத்தால் மூச்சுத் திணறினாலும் அது வேறு விஷயம். அன்றே போய்க் காட்ட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டுமே தொட வேண்டும். தொட்ட பின் 2 முதல் 4 வாரம் வீட்டில் அளந்து குறித்துவிட்டுத்தான் அடுத்த அடி. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரில் புரதம் ஆகியவை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரைகள் எண்ணை இறக்குவதற்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் எதையும் விடக் கூடாது.

மறுமொழி: மருந்தாளுநர் (கானாடுகாத்தான்)

டாக்டர் ஐயா சொன்னவற்றோடு மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். தொண்டைக்கு இதமாக ஒரு நாள் குடிப்பது வேறு, நாள்தோறும் கஷாயமாகக் குடிப்பது வேறு. அந்தப் பங்காளி இறக்கும் மருந்தை நிறுத்திவிட்டு ஏற்றும் மருந்தைக் குடித்துக்கொண்டிருக்கிறார். பூண்டு கெடுதல் செய்யாது. மாத்திரையின் இடத்தை அது நிரப்பாது.

மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைகுளோபெனாக், இபுபுரூபன் ஆகியவை அழுத்தத்தை ஏற்றுவதோடு, டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறவர்களின் சிறுநீரகத்துக்கும் சுமை. நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். சளிக்குக் கொடுக்கும் மூக்கடைப்பு மாத்திரைகள் பலவற்றிலும் அழுத்தத்தை ஏற்றும் பொருள் உண்டு. வயிற்றுப் பொருமலுக்குத் தண்ணீரில் போட்டதும் பொங்கும் தூளில் பெரும்பகுதி சோடியம் பைகார்பனேட். வீட்டில் உப்பைக் கிராம் கணக்கில் குறைத்துவிட்டு, விருந்து முடிந்ததும் இதைக் குடிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்ட்டான் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கக் கூடியது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறாதீர்கள்.

உங்கள் மனக்குறை மாத்திரையின் எண்ணிக்கைதான் என்றால், இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்த ஒரே மாத்திரையே கிடைக்கிறது. ஆனால் பிறகு ஒன்றை மட்டும் குறைக்க நினைக்கும்போது தனித்தனியாக இருப்பதே வசதி. ஓய்வூதியத்தில் மருந்துச் செலவு பாரமாக இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மறுமொழி: காவடிக்கூட்டம் (ஆத்தங்குடி)

ஐயா, எங்கள் கூட்டத்தில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நடப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். புறப்படுமுன் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டு, இப்போதிருந்தே காலையில் ஊரணியைச் சுற்றி நடக்கத் தொடங்குங்கள். தூரத்தை வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி, தை பிறக்குமுன் இரண்டு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் நடக்க முடிந்தால் காலும் மூச்சும் பழகிவிடும். எடையைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கும் இதுவே வழி. வெறுங்காலோடு போவதாக வேண்டுதல் இருந்தால் அதையும் இப்போதே பழக வேண்டும். கொப்புளம் வந்தால் அடுத்த கூடாரத்தில் வலி மாத்திரையை நீட்டுவார்கள், மேலே சொன்னதை நினைத்து வாங்காதீர்கள்.

வழியில் அன்பர்கள் கொடுக்கும் புளியோதரையும் ஊறுகாயும் உப்பு நிறைந்தவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் சிலர் தாகத்துக்குக் குடிப்பார்கள். ஒரு லிட்டரில் கரைக்கும் பொட்டலத்தில் சுமார் 1.7 கிராம் சோடியம் இருக்கிறது, அது கிட்டத்தட்ட ஒரு நாளைக்குரிய முழு அளவு. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அது வேண்டும். வெறும் தாகத்துக்குத் தண்ணீரே போதும். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டினால் மறைக்காமல் கூட்டத்தலைவரிடம் சொல்லி வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். சாமான் வண்டி எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊரணிக்கரை (பள்ளத்தூர்)

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆச்சி சொன்னபடி உப்புப் பொட்டலத்தில் தேதி எழுதிவிட்டோம். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படுவதால் வீட்டில் எல்லோருமே இப்போது கணக்குப் பார்க்கிறார்கள். பங்காளியிடமும் பேசினேன்; அளந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். டாக்டர் ஐயாவிடம் ஓர் ஐயம். எல்லாம் நல்லபடியாக இறங்கினால், அம்லோடிபினைக் குறைப்பதை யாத்திரைக்கு முன் வைத்துக்கொள்வதா, பின்பா?

ஓய்வு பெற்ற பொது மருத்துவர் (தேவகோட்டை)

யாத்திரைக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதக் குளிரில் இரத்த அழுத்தம் சற்று ஏறித்தான் இருக்கும். அத்துடன் நடை, தூக்கக் குறைவு, வெளிச்சாப்பாடு எல்லாம் சேரும்போது மருந்தையும் மாற்றினால், எண் ஏறியதற்கோ இறங்கியதற்கோ எது காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. திரும்பி வந்து இரண்டு வாரம் வீட்டுச் சாப்பாட்டோடு இருந்து, 7 நாள் அளந்த குறிப்போடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் எண் இயல்பாகவே இறங்கும் என்பதால், அப்போது குறைத்த மருந்து அடுத்த மார்கழியிலும் போதுமானதாக இருக்கிறதா என்று மறுபடியும் 7 நாள் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கும் கருவியை முதல் முறை மருத்துவரிடம் எடுத்துச் சென்று, அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.